புருணையிடம் பணம் இருக்கிறது, போர் விமானம் ஏன் இல்லை?

கணக்குப்பிள்ளை:
எப்போது பார்த்தாலும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா என்று பெரிய தலைகளையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாறுதலுக்கு ஒரு குட்டி சுல்தானகத்தைப் பற்றிச் சண்டை போடலாமா?

புருணை. போர்னியோ தீவின் வடக்கு ஓரத்தில் 5,765 சதுர கிலோமீட்டர், சுமார் நாலரை லட்சம் ஜனம். செரியாவில் 1929-இல் எண்ணெய் கிடைத்ததிலிருந்து பணத்துக்குக் குறைவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 3 சதவீதம் பாதுகாப்புக்குப் போகிறது. அந்தப் பணத்துக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? போர் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. நீர்மூழ்கி கிடையாது. கனரக டாங்கி கிடையாது. முப்படையும் சேர்த்து ஏறத்தாழ 7,000 பேர். பிரிட்டன் 1990களிலேயே ஓய்வு கொடுத்துவிட்ட ஸ்கார்ப்பியன் இலகு டாங்கிகளை இவர்கள் எஞ்சினை மாற்றிப்போட்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த மூன்று கொர்வெட் (சிறு போர்க்கப்பல்) கதை. ஸ்காட்லாந்தில் பிஏஇ என்ற பிரிட்டிஷ் ஆயுத நிறுவனத்தின் கட்டுமானத் தளத்தில் நக்கோடா ராகம் வகைப் போர்க்கப்பல்கள் மூன்று கட்டச் சொன்னார்கள். 95 மீட்டர் நீளம், எக்ஸோசெட் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை, ஸீ வுல்ஃப் வான் பாதுகாப்பு ஏவுகணை, 76 மில்லிமீட்டர் பீரங்கி என்று சகலமும் உண்டு. 2001, 2002-இல் மூன்றும் தண்ணீரில் இறங்கின. அப்புறம் "நாங்கள் கேட்ட தரத்தில் இல்லை" என்று புருணை வாங்க மறுத்தது. வழக்கு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய், பிஏஇ பக்கம் தீர்ப்பாகி, 2007-இல் கப்பல்களைத் தலையில் கட்டிவிட்டார்கள். அப்போதும் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. இங்கிலாந்தின் பாரோ துறைமுகத்திலேயே வருஷக்கணக்கில் கட்டிப்போட்டு, கடைசியில் இந்தோனேசியாவுக்குக் கட்டிய விலையைவிடக் குறைத்து விற்றார்கள்.

இது அலங்காரப் படை என்பது என் கட்சி. உண்மையான காவல் வேலையைக் காசு கொடுத்துக் கூர்க்காக்களிடம், அதாவது நேபாளச் சிப்பாய்களிடம், விட்டிருக்கிறார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

நெய்தல்வாசி:
வந்துவிட்டேன். முதலில் விமானத்தை முடித்துவிடுகிறேன்.

புருணையின் கடற்கரை மொத்தமே 161 கிலோமீட்டர். ஜெட் விமானம் சாதாரணமாக மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள், நிமிஷத்துக்கு 15 கிலோமீட்டர். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பதினோரு நிமிஷம். உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் அதைவிடச் சீக்கிரம் மலேசியாவின் சரவாக் வந்துவிடும். ராடாரில் எதிரியைப் பார்த்து, விமானியை எழுப்பி, ஓடுபாதைக்கு வந்து ஏறுவதற்குள் விஷயம் முடிந்துவிடும். அதுவும் எல்லாவற்றுக்கும் ஒரே ஓடுபாதை. ரிம்பா விமானப்படைத் தளம் சர்வதேச விமான நிலையத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் ஒரு பள்ளம் விழுந்தால் எத்தனை ஜெட் இருந்து என்ன?

வாங்க யோசிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1980களின் கடைசியிலிருந்து பிரிட்டனோடு ஹாக் என்ற இலகு ஜெட் விமானம் பற்றிப் பேச்சு நடந்து, விமானம் வராமலே அடங்கிப்போனது. எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

அந்தப் பணம் ஹெலிகாப்டருக்குப் போனது. 2011 இறுதியில் 12 எஸ்-70ஐ பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் கேட்டார்கள். அவை வந்து சேருவதற்குள், 2012 ஜூலையில், பழைய பெல் 212 ஒன்று காட்டில் விழுந்து 12 பேர் இறந்தார்கள். பயிற்சியில் இருந்த இளம் அதிகாரிகளும் அதில் போய்விட்டார்கள். சின்ன நாட்டில் அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஹெலிகாப்டருக்குச் செலவழித்ததை அலங்காரம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

கொர்வெட் விஷயத்துக்குத் தனியாக வருகிறேன்.

துடுக்கன்:
இரண்டு பேருமே வீணாக அடித்துக்கொள்கிறீர்கள். 1990 ஆகஸ்ட் 2 ஞாபகம் இருக்கிறதா? குவைத்திடம் மிராஜ் எஃப்1 இருந்தது, ஸ்கைஹாக் இருந்தது, சீஃப்டன் டாங்கி இருந்தது. எண்ணெய்க் காசில் வாங்கிக் குவித்திருந்தார்கள். என்ன ஆயிற்று? இரண்டு நாளில் நாடு ஈராக்கின் கைக்குப் போனது. தப்பிய விமானங்கள் சவூதிக்குப் பறந்தன. அமீரும் சவூதிக்குத்தான் போனார். சின்னப் பணக்கார நாடு எவ்வளவு வாங்கினாலும் ஒன்றுதான். புருணை எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போலீஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நெய்தல்வாசி:
துடுக்கன், குவைத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே குவைத்துக்கு 1961-இல் என்ன நடந்தது? ஜூனில் சுதந்திரம். உடனே ஈராக்கை ஆண்ட காசிம் "அது எங்கள் பகுதி" என்றார். பிரிட்டன் சில நாளில் படையை இறக்கியது. ஈராக் வரவில்லை. 1990-இல் அந்த மண்ணில் வெளிநாட்டுப் படை எதுவும் இல்லை. ஈராக் வந்துவிட்டது.

புருணை ஆட்சியாளர்கள் இந்தப் பாடத்தை 1990-க்கு ரொம்ப முன்பே கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். செரியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா பட்டாலியன் உட்கார்ந்திருக்கிறது. புருணைக்குள் நுழைய நினைப்பவன் முதல் நாளே பிரிட்டிஷ் சிப்பாயைச் சுட வேண்டியிருக்கும். அந்த ஒரு கணக்கு பல ஸ்குவாட்ரன் ஜெட்டுக்குச் சமம்.

கணக்குப்பிள்ளை:
நல்லது, நான் சொன்னதையே சொல்கிறீர்கள். காவல் கூர்க்காவுடையது, சம்பளம் சுல்தானுடையது. அப்படியென்றால் சொந்தப் படை எதற்கு? மே 31 அணிவகுப்புக்கா?

ஜூரோங் மணி:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். தேசிய சேவையின்போது என்னைப் புருணையின் தெம்புரோங் காட்டுக்கு அனுப்பினார்கள். 1970களிலிருந்தே எங்கள் ராணுவம் அங்கே பயிற்சி செய்கிறது, லக்கியூன் என்ற இடத்தில் முகாம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் தரையிலிருந்து பேசுகிறேன்.

அந்தக் காட்டில் சமதளம் என்பதே கிடையாது. ஏறுவாய், உச்சியில் இரண்டு ஆள் நிற்கத்தான் இடம் இருக்கும், உடனே இறங்குவாய், கீழே ஓடை, மறுபடி ஏறுவாய். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று காட்டுவதற்கு அரை நாள் போய்விடும். மண் வழுக்குகிறதே என்று மரத்தைப் பிடித்தால் அதில் முள். மேலே இலை மூடியிருப்பதால் ஜிபிஎஸ் தடுமாறும், பள்ளத்தில் இறங்கினால் ரேடியோ எடுக்காது. அட்டை பூட்ஸ் கண் வழியாகவே உள்ளே போய்விடும். ராத்திரி காலுறையைக் கழற்றும்போதுதான் ரத்தம் தெரியும். எங்கள் செக்‌ஷனில் ஒருவன் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு நடக்க வழியில்லை, ஹெலிகாப்டர் இறங்கவும் இடமில்லை. மேலேயிருந்து கம்பி விட்டுத்தான் தூக்கினார்கள். அதற்கும் முதலில் பராங் என்ற வெட்டுக்கத்தியால் வெட்டி வானம் தெரிகிற அளவுக்கு இடைவெளி உண்டாக்க வேண்டியிருந்தது. நாலு பேர் மாறி மாறி வெட்டியும் மதியம் தாண்டிவிட்டது.

கனரக டாங்கி ஏன் இல்லை என்று கேட்டவருக்கு: அதை எங்கே ஓட்டுவீர்கள்? நாட்டில் முக்கால் பங்கு காடு. கடற்கரையோரச் சாலையை விட்டு இறங்கினால் சதுப்பு. ஸ்கார்ப்பியன் எட்டு டன் எடைதான், மண்ணை அழுத்துவது குறைவு. 1982-இல் ஃபாக்லாந்தின் சேற்று நிலத்துக்கு பிரிட்டன் எடுத்துப்போனதும் இந்த வண்டிதான். பழசு என்பது நிஜம், ஆனால் தேர்வு தப்பில்லை. பிரான்ஸின் வாப் கவச வண்டிகளும் சாலைக்கும் ஆற்றுக்கும் பொருந்துகிறவை.

அங்கே பார்த்த புருணைச் சிப்பாய்களைப் பற்றி ஒன்று. எங்களுக்கு வழி காட்ட வந்தவர் வரைபடத்தையே எடுக்கவில்லை. நாங்கள் திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு கொடியை வெட்டி அதில் வடிந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றார். அலங்காரம் என்கிறீர்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

துடுக்கன்:
மணி அண்ணே, கொடியில் தண்ணீர் குடித்தால் எண்ணெய் மேடையைக் காப்பாற்ற முடியுமா? சொத்தெல்லாம் கடலில் இருக்கிறது.

ஜூரோங் மணி:
கடலைப் பற்றிக் கடல்காரரிடம் கேளுங்கள் தம்பி. நான் காட்டுக்காரன்.

நெய்தல்வாசி:
சரி, கொர்வெட்.

வாங்க மறுத்ததற்கு வெளியில் சொன்ன காரணம் தரம். நடுவர் மன்றம் அதை ஏற்கவில்லை. ஆக, ஒப்பந்தப்படி பிஏஇ செய்ததில் குறையில்லை, அதைப் பேசிப் பயனில்லை. நான் கேட்பது வேறு: அந்தக் கப்பல்கள் வந்திருந்தால் யார் ஓட்டியிருப்பார்கள்?

ஒரு கப்பலுக்குச் சுமார் 80 பேர். மூன்றுக்கு 240. கடலில் ஒரு அணி இருக்கும்போது கரையில் ஓய்வு, விடுப்பு, பயிற்சி, பராமரிப்பு என்று இன்னொரு பங்கு ஆள் வேண்டும். ஸீ வுல்ஃப் அமைப்பைப் பழுது பார்க்கத் தெரிந்தவர், சோனார் கேட்கத் தெரிந்தவர், எஞ்சின் அறைக்குத் தேர்ந்தவர் என்றெல்லாம் தேடினால்? இன்றைக்கே புருணைக் கப்பற்படை மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அதில் தேர்ந்த தொழில்நுட்ப ஆளில் பாதியை மூன்று கப்பல் விழுங்கிவிடும். மிச்சக் கடலை யார் பார்ப்பது? மீன் திருட வருபவனைத் துரத்த ஸீ வுல்ஃப் தேவையில்லை. ரோந்துப் படகும் அதில் ஏற இருபது பேரும்தான் தேவை.

பிறகு அந்த ஸீ வுல்ஃப் என்ன ஆனது? பிரிட்டிஷ் கப்பற்படையே அதைக் கழற்றிவிட்டு ஸீ செப்டர் என்ற புது ஏவுகணைக்கு மாறிவிட்டது. புருணை கையில் மூன்று கப்பலும், உதிரிபாகம் கிடைக்காத ஏவுகணையும் இருந்திருக்கும்.

அதற்குப் பதில் ஜெர்மனியின் லுர்சென் கட்டிய தாருஸ்ஸலாம் வகை ரோந்துக் கப்பல்கள் நான்கு. 80 மீட்டர், சுமார் 55 பேர் போதும், 57 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி, எக்ஸோசெட் உண்டு, பின்னால் ஹெலிகாப்டர் இறங்க மேடை உண்டு. முதல் கப்பல்கள் 2011-இல் சேர்ந்தன, நான்காவது தாருத்தக்வா 2014-இல். அதே 2014-இல் ஹவாயில் நடக்கும் ரிம்பாக் கூட்டுப் பயிற்சிக்கு முதல் தடவையாகப் புருணைக் கப்பல் போனது. போர்னியோவிலிருந்து பசிபிக்கின் நடுவரை சொந்த மாலுமிகளோடு போய்த் திரும்பிய படை இது. கொர்வெட்டை நிராகரித்தது அவமானம்தான், பண நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்துக்குப் பிறகு வாங்கியதைப் பார்த்தால் தன் அளவு தெரிந்து வாங்கியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
இப்போது நான் ஒரு சீட்டு இறக்குகிறேன்.

அந்த மூன்று கப்பலும் இந்தோனேசியாவில் புங் தோமோ, ஜான் லீ, உஸ்மான் ஹருன் என்ற பெயரில் ஓடுகின்றன. மூன்றாவதன் பெயரைக் கேட்டு 2014-இல் சிங்கப்பூர் கொதித்தது. மணி அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். 1965-இல் ஆர்ச்சர்ட் சாலை மக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வைத்து மூன்று பேரைக் கொன்ற இந்தோனேசியப் படையினர் இருவரின் பெயர் அது. அது தனிக் கதை.

என் கேள்வி இதுதான். 2020 ஜனவரியில் இந்தோனேசியாவின் நத்துனா தீவுகளை ஒட்டிய கடலில் சீனக் கடலோரக் காவல் கப்பல்களுக்கு எதிரே போய் நின்றவற்றில் அந்த உஸ்மான் ஹருன் கப்பலும் ஒன்று. "நமக்கு ஒத்துவராது" என்று புருணை தள்ளிய அதே இரும்பு. தென்சீனக் கடலில் புருணைக்கும் உரிமை கோரல் இருக்கிறது. லூயிசா திட்டு அவர்களின் பொருளாதார மண்டலத்துக்குள் வருவதாகச் சொல்கிறார்கள். அந்தக் கோரலைப் பற்றி வாயே திறக்காத நாடு அதுதான். வாய் திறக்காததற்கும் கையில் கப்பல் இல்லாததற்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா?

நெய்தல்வாசி:
இந்தோனேசியக் கப்பற்படையில் ஆயிரக்கணக்கில் அல்ல, பல பத்தாயிரக் கணக்கில் ஆள் இருக்கிறார்கள். எண்பது மாலுமி அவர்களுக்கு ஒரு பொருட்டா? இரும்பு அதேதான். ஓட்டுகிற நாடு வேறு.

வாய் திறக்காததற்குக் காரணம் கப்பல் அல்ல, வியாபாரம். முவாரா கப்பற்படைத் தளம் இருக்கும் அதே கரைக்கு எதிரே முவாரா பெசார் தீவு. அங்கே சீனாவின் ஹெங்யி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 2019 முதல் ஓடுகிறது. முதல் கட்ட முதலீடே 300 கோடி டாலருக்கு மேல். முவாரா துறைமுக நிர்வாகத்திலும் ஒரு சீன நிறுவனம் பங்காளி. பத்து கொர்வெட் வைத்திருந்தாலும் இப்போது பேசுகிற அளவுதான் பேசியிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் எக்ஸோசெட் யாருக்கு? சீனாவுக்கு இல்லை. மலேசியாவுக்கா?

நெய்தல்வாசி:
சிரிக்காதீர்கள். அங்கேதான் உண்மையான உரசல் இருந்தது. 2003-இல் ஆழ்கடல் எண்ணெய்த் தொகுதிகளுக்காக இரண்டு நாடும் ஒன்றையொன்று தடுக்கக் கப்பல் அனுப்பின. ஆய்வுக்கு வந்த எண்ணெய் நிறுவனக் கப்பல்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. வேலை பல வருஷம் நின்றது. 2009-இல் இரு தலைவர்களும் கடிதம் மாற்றிக்கொண்டு தீர்த்தார்கள், அந்தத் தொகுதிகள் புருணைக்கு வந்தன. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஆனால் ஆறு வருஷமும் அந்த இடத்தில் கொடி காட்ட வாஸ்படா வகைச் சின்ன ஏவுகணைப் படகு இருந்ததா இல்லையா? கப்பலே இல்லாத நாடாக இருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

பெலாய்த் பாண்டி:
கோலா பெலாய்த்தில் பல வருஷம் குழாய் வேலை பார்த்தவன். கூர்க்காவைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறீர்கள், கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். அங்கே இருப்பது ஒரு கூர்க்கா படை அல்ல, இரண்டு.

ஒன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் பட்டாலியன், செரியாவில். குடும்பத்தோடு வந்து சில வருஷம் இருந்துவிட்டு மாறிப்போவார்கள். செலவைப் புருணை ஏற்கிறது, ஒப்பந்தத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். 1997-இல் ஹாங்காங் கைமாறியபின் கிழக்கே பிரிட்டிஷ் கூர்க்கா முகாம் என்று மிஞ்சியது இது ஒன்றுதான். பிரிட்டிஷ் ராணுவத்தின் காட்டுப் போர்ப் பள்ளியும் அங்கேதான். காலையில் நாங்கள் வேலைக்கு வண்டி ஏறும் நேரத்தில் அவர்கள் முதுகில் மூட்டையோடு கடற்கரைப் பக்கம் ஓடி முடித்துத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். சாலையோரம் எண்ணெய் இறைக்கும் கருவிகள் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும், அதற்கு நடுவே இவர்கள் வரிசையாகப் போவார்கள்.

இன்னொன்று கூர்க்கா ரிசர்வ் யூனிட். இது புருணையின் சொந்தம். பிரிட்டிஷ் படையிலிருந்து ஓய்வு பெற்ற நேபாளிகளைச் சம்பளத்துக்கு வைத்து அரண்மனை, முக்கியக் கட்டடங்கள், எண்ணெய் நிலையங்களைக் காக்கிறார்கள். முதல் படை லண்டன் சொல் கேட்கும். இரண்டாவது சுல்தான் சொல் மட்டும் கேட்கும்.

இப்படி ஏன் என்று கேட்டால் 1962 டிசம்பர் 8-க்குப் போக வேண்டும். அந்த ஆகஸ்டில்தான் தேர்தல். அசஹாரியின் மக்கள் கட்சி தேர்தல் இடங்களை ஏறக்குறைய வாரிக்கொண்டது. மலேசியக் கூட்டமைப்பில் சேரும் திட்டம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. விடிவதற்கு முன்பே கிளர்ச்சிக்காரர்கள் காவல் நிலையங்களையும் செரியா எண்ணெய் வயலையும் பிடித்து, ஷெல் கம்பெனி வெள்ளைக்காரர்களைப் பிணையாக வைத்தார்கள். அசஹாரி அப்போது மணிலாவில் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து கூர்க்காக்களும் ஸ்காட்லாந்துப் படையும் பறந்து வந்தன. செரியா பக்கத்து அண்டுகி ஓடுதளத்திலேயே விமானத்தை இறக்கினார்கள். சில நாளில் செரியா மீண்டது. பக்கத்துச் சரவாக்கின் லிம்பாங்கில் பிணையாளிகளை மீட்கப் போனதில் பிரிட்டிஷ் மரீன்கள் ஐந்து பேர் இறந்தார்கள்.

அப்போது புருணை மலாய் ரெஜிமென்ட் எங்கே என்று கேளுங்கள். 1961-இல்தான் தொடங்கியது. மலாயாவின் போர்ட் டிக்சனில் பயிற்சியில் இருந்தது!

துடுக்கன்:
ஹா! நாட்டில் கலகம், ராணுவம் அடுத்த நாட்டில். இதைவிட நான் என்ன சொல்ல? அன்றைக்கு உருவான பயம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. அன்று அறிவித்த அவசரநிலையையே இன்னும் புதுப்பித்துக்கொண்டு வருகிறார்கள். சொந்த ஊர்க்காரன்மேல் நம்பிக்கை இல்லாமல் அரண்மனை வாசலில் நேபாளியை நிறுத்துகிறார்கள். வெளி எதிரிக்கான படை என்று எப்படி நம்புவது?

கயல்:
நீங்கள் எல்லோரும் தளவாடத்தையே பேசுகிறீர்கள். யார் சேரலாம் என்று ஒருவரும் கேட்கவில்லையே? புருணைப் படையில் மலாய்க்காரர்கள் மட்டும்தான் சேர முடியும். கட்டாயச் சேவையும் கிடையாது. அங்கே பத்தில் ஒருவர் சீனர், அவர்களில் பலருக்குக் குடியுரிமையே இல்லை. நாலரை லட்சத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கழித்து, மற்ற இனத்தாரைக் கழித்து, அதில் இளைஞர்களை எடுத்தால் மிஞ்சுவது எத்தனை? நெய்தல்வாசி சொன்ன ஆள் பற்றாக்குறை இயற்கையாக வந்தது இல்லை, பாதி அவர்களே போட்டுக்கொண்ட வேலி.

பெண்களை 1981-லிருந்தே எடுக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சிங்கப்பூரில் எல்லா இனத்துப் பையனும் தேசிய சேவைக்குப் போகிறான். இங்கே வேலி. ஆளுக்குப் பஞ்சம் என்று கூர்க்காவைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த வேலியைப் பார்க்க வேண்டாமா?

நெய்தல்வாசி:
கயல், இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, மறுப்பும் இல்லை. படை அளவானது என்று நான் வாதாடுகிறேன். அந்த அளவை யார் தீர்மானிப்பது என்பது வேறு வழக்கு.

மட்டுறுத்துநர்:
குடியுரிமை, இன அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. படையோடு ஒட்டியவரை பேசலாம். துடுக்கன், ஒரு பதிவில் ஒரு "ஹா" போதும்.

பெலாய்த் பாண்டி:
துடுக்கன் சொன்ன "நம்பிக்கை இல்லை" என்பதற்கு என் பதில்: இருக்கலாம். 1962-ஐப் பார்த்த தந்தையிடமிருந்து 1967-இல் அரியணை ஏறியவர் இன்றைய சுல்தான். பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ராணுவப் பயிற்சியில் இருந்தவரை அழைத்துவந்து முடிசூட்டினார்கள். பிரதமரும் அவர்தான், பாதுகாப்பு அமைச்சரும் அவர்தான், முப்படைத் தலைவரும் அவர்தான், ஹெலிகாப்டரும் ஓட்டுவார். மகன் மத்தீன் விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானி. படையை அந்தக் குடும்பம் கையை விட்டு விடாது. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். நான் அங்கிருந்த காலத்தில் தெருவில் ஆயுதத்தோடு ராணுவத்தைப் பார்த்ததே இல்லை. ஊர்க்காரர்களை மிரட்ட வைத்திருக்கும் படை அப்படி ஒளிந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
பாண்டி அண்ணன் சொன்னதை வைத்தே கேட்கிறேன். 1962-இல் பிரிட்டனுக்குச் சிங்கப்பூரில் பெரிய தளம் இருந்தது, சில மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். 1971-இல் அந்தத் தளத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்குச் செரியாவில் இருக்கும் ஒரு பட்டாலியனுக்குப் பின்னால் துணைக்கு என்ன இருக்கிறது? லண்டனிலிருந்து வருவதற்குள் குவைத் கதைதான்.

ஜூரோங் மணி:
பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை. ஆனால் தெம்புரோங் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புருணை ஒரே துண்டு இல்லை. நடுவில் லிம்பாங், அது மலேசியாவுக்குச் சொந்தம். 2020-இல் 30 கிலோமீட்டர் கடல் பாலம் திறக்கும்வரை, தெம்புரோங்குக்குச் சாலையில் போக வேண்டுமானால் மலேசியாவுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். படகு பிடித்தால் தவிர்க்கலாம். சுலபமாக வெட்டிவிடக்கூடிய அந்தத் துண்டில்தான் எங்கள் முகாம் பல பத்தாண்டாக இருக்கிறது. வருஷம் முழுக்க எங்கள் பையன்கள் அங்கே இருப்பார்கள். நெய்தல்வாசி கூர்க்காவுக்குச் சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும்.

1967-லிருந்து இரண்டு நாட்டு டாலரும் ஒன்றுக்கு ஒன்று. 2023-இல் எங்கள் ஃபியர்லெஸ் வகை ரோந்துக் கப்பல்கள் இரண்டைக் கொடுத்தோம். அஸ்-சித்திக், அல்-ஃபாருக் என்று பெயர் மாற்றி ஓட்டுகிறார்கள். சின்னக் கப்பல்தான். ஆனால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும், பயிற்சி யார் கொடுப்பார்கள் என்ற கவலை இல்லை.

கணக்குப்பிள்ளை:
கொர்வெட்டை விற்றுவிட்டு அண்டை வீட்டின் பழைய கப்பலை வாங்கிக்கொள்வது பெருமையா?

நெய்தல்வாசி:
பெருமைக்கு வாங்கியதுதான் கொர்வெட். அதன் முடிவைப் பார்த்தோமே.

நீங்கள் கேட்காத இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது, அதை நானே சொல்கிறேன். தாருஸ்ஸலாம் கப்பலில் எக்ஸோசெட் இருக்கிறது, வானத்திலிருந்து வருவதைத் தடுக்க ஏவுகணை இல்லை. தரையில் இருப்பது குறைந்த தூர மிஸ்ட்ரால் ஏவுகணை. அது 1990களின் சரக்கு. ஆளில்லா விமானம் கூட்டமாக வந்து எண்ணெய்க் கிடங்கை அடிக்கிற காலம் இது. 2019-இல் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலையில் நடந்ததைப் பார்த்தோம். செரியா கரையோரம் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. என்னைக் கேட்டால் அடுத்த பணம் ஜெட்டுக்கும் வேண்டாம், பெரிய கப்பலுக்கும் வேண்டாம். நடுத்தரத் தூர வான் பாதுகாப்பும் நல்ல ராடாரும் போதும். அதற்கு ஆளும் குறைவாகத்தான் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
இதில் மட்டும் நான் உங்கள் பக்கம். ஆனால் அவர்கள் வாங்கிக்கொண்டிருப்பது அது இல்லையே. ஏர்பஸ்ஸிடம் சி295 போக்குவரத்து விமானம் நான்கு, எச்145எம் ஹெலிகாப்டர் ஆறு. மறுபடியும் ஆளைத் தூக்கிப்போகிற வண்டிதான்.

பெலாய்த் பாண்டி:
எச்145எம் வாங்குவதில் ஒரு விஷயம் இருக்கிறது. செரியாவில் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த பழைய பெல் 212-களுக்குப் பதில் 2022-இல் பூமா ஹெலிகாப்டர் வந்தது. பிரிட்டன் பூமாவையே 2025 மார்ச்சில் ஓய்வு கொடுத்துவிட்டது. மாற்றாக அவர்கள் வாங்குவதும் எச்145 குடும்பம்தான், சைப்ரஸுக்கும் புருணைக்கும் என்று சொல்லியே வாங்கினார்கள். ஒரே ஊரில் இரண்டு படையும் ஒரே வகை ஹெலிகாப்டர் வைத்தால் உதிரிபாகம், மெக்கானிக் எல்லாம் பகிர்ந்துகொள்ளலாம். காட்டில் ஆள் விழுந்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் போய்த் தூக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
பகிர்ந்துகொண்டால் பில் யாருக்கு வரும் அண்ணே?

பெலாய்த் பாண்டி:
அதைக் கேட்க வேண்டுமா? பில் அரண்மனைக்குத்தான்.